கல் கோட்டையும் மண் கோட்டையும்

வீட்டு வண்டியில் புளோரிடாவின் கிழக்குக் கரையோரமாகப் பயணம் செய்த நாங்கள், ஸ்பானியர் 1565இல் நிறுவிய செயின்ட் அகஸ்டின் நகரில் தங்கினோம். அங்கு வருவோர் முதலில் காண்பது காஸ்டில்லோ டி சான் மார்க்கோஸ் கோட்டையை. கிளிஞ்சல்கள் இறுகி உருவான கொக்கினா கல்லால் 1672இல் அதைக் கட்டத் தொடங்கினர். 1702இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது அதன் சுவர்கள் பீரங்கிக் குண்டுகளை உடையாமல் உள்வாங்கிக்கொண்டன.

எங்கள் நெஞ்சில் தங்கியதோ வடக்கே இரண்டு மைலில் உள்ள மோசே. கரோலினாவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களுக்கென 1738இல் அமைந்த சுதந்திரக் குடியிருப்பு அது. விடுதலைக்கு ஈடாக அவர்கள் கத்தோலிக்க சமயத்தையும் படைப்பணியையும் ஏற்றனர். 1740இல் ஆங்கிலேயரிடமிருந்து அவ்விடத்தை மீட்ட போரிலும் பங்கேற்றனர். 1763இல் புளோரிடா பிரித்தானியரின் கைக்கு மாறவே, கியூபாவுக்குப் புலம்பெயர்ந்தனர். அவர்கள் எழுப்பிய மண்கோட்டை சதுப்பில் மறைந்துவிட்டது. நகரின் கல்கோட்டையைக் காணச் செல்வோர் இங்கும் சற்றே நின்று வருதல் வேண்டும்.