எழுதாமல் விட்டதும் சட்டம்தான்

1787ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரில் கூடி அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை வகுத்தவர்கள் 55 பேர். இறுதியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. கறுப்பினத்தவரோ பூர்வகுடியினரோ இல்லை. ஆனாலும் அந்தச் சாசனம் ‘மக்களாகிய நாங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. இந்த ‘நாங்கள்’ யார் யார் என்ற கேள்வியோடு படித்தால், அந்த நாட்டின் அரசு எப்படி இயங்குகிறது என்பதைப் பெண்களின் போராட்ட வரலாற்றிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

முதலில் அந்த அமைப்பின் அடித்தளத்தைப் பார்ப்போம். சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம். அதில் செனட், பிரதிநிதிகள் சபை என இரண்டு அவைகள். நிறைவேற்றுவது குடியரசுத் தலைவர். சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிமன்றம். ஒரு சட்டத்தைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் காங்கிரஸ் அதை மீண்டும் நிறைவேற்றலாம். மத்திய அரசுக்குத் தரப்படாத அதிகாரங்கள் மாநிலங்களிடம் இருக்கும். ஒருவரை மற்றவர் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஜேம்ஸ் மேடிசன் 1788இல் எழுதிய கட்டுரையொன்றில் காரணம் சொன்னார். மனிதர்கள் தேவதைகள் அல்லர். ஆகவே எவரிடமும் கட்டுப்பாடற்ற அதிகாரத்தை ஒப்படைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இதே வாதத்தை அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஒரு பெண் எழுதிவிட்டாள். 1776 மார்ச்சில் அபிகெயில் ஆடம்ஸ், விடுதலை பற்றி விவாதிக்கப் பிலடெல்பியா சென்றிருந்த தன் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். புதிய சட்டங்களை எழுதும்போது பெண்களை நினைவில் கொள்ளுங்கள். கணவர்கள் கையில் எல்லையற்ற அதிகாரத்தைத் தராதீர்கள். முடிந்தால் எல்லா ஆண்களும் கொடுங்கோலர்களாகத்தான் இருப்பார்கள் என்று எழுதினார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று பதில் வந்தது. மன்னரையும் குடியரசுத் தலைவரையும் நம்ப மறுத்த அந்தத் தலைமுறைக்கு, வீட்டுக்குள் இருந்த மன்னரைப் பற்றி எந்தச் சந்தேகமும் எழவில்லை.

அந்த மன்னருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டத்தின்படி, திருமணமானதும் பெண்ணின் சட்ட அடையாளம் கணவனுக்குள் அடங்கிவிடும். அவள் கூலி அவனுடையது. தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடரவோ அவளால் முடியாது. குடும்பமும் திருமணமும் மாநிலங்களின் பொறுப்பு என்பதால் 1787இன் சாசனம் இதைத் தொடவே இல்லை.

பெண்களுக்கு வாக்கு இல்லை என்றும் அந்தச் சாசனம் சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவரே பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்கலாம் என்று மட்டும் சொல்லி, முடிவை மாநிலங்களிடம் விட்டது. ஆனால் தலைகளை எண்ணும் இடத்தில் பெண்களை விட்டுவிடவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பிரிக்கும்போது சுதந்திரப் பெண் முழு ஆளாக எண்ணப்பட்டாள். அடிமைப்பட்ட பெண்ணோ, அடிமைப்பட்ட ஆணைப் போலவே, ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டாள். இருவரின் எண்ணிக்கையும் ஆண்களின் நாற்காலிகளைக் கூட்டியது. இருவருக்கும் அந்த நாற்காலியில் யார் அமர்வது என்று சொல்லும் உரிமை இல்லை.

மாநிலத்திடம் விடுவதன் பொருள் என்ன என்பதை நியூ ஜெர்சி காட்டியது. 1776இல் அங்கே எழுதப்பட்ட சாசனம், 50 பவுண்டு சொத்துள்ள குடியிருப்பாளர் அனைவருக்கும் வாக்களித்தது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் சுதந்திரக் கறுப்பினத்தவரும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். மணமான பெண்ணுக்குச் சொத்தே இல்லை; ஆகவே வாக்கும் இல்லை. 1807இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, வாக்கை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. முப்பது ஆண்டு உரிமை ஒரே சட்டத்தில் போயிற்று. அதைத் தடுக்க நாட்டின் சாசனத்தில் ஒரு வரிகூட இல்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லாருக்கும் உறுதியளித்தது. அதே திருத்தத்தில், வாக்காளர் பற்றிப் பேசும் பகுதியில், ‘ஆண்’ என்ற சொல் முதன்முறையாகச் சாசனத்துக்குள் நுழைந்தது. 1870இல் 15ஆவது திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது, பாலினத்தைச் சேர்க்கவில்லை. பெண்கள் இயக்கம் இதில் பிளந்தது. எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் சூசன் பி. ஆன்டனியும் அந்தத் திருத்தத்தை எதிர்த்தார்கள். எதிர்ப்பில் இனவெறிச் சொற்களும் கலந்தன. கறுப்பினக் கவிஞர் பிரான்சிஸ் ஹார்ப்பர் திருத்தத்தின் பக்கம் நின்றார். நம் பெண்ணிய வரலாற்றில் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

அடுத்து நீதிமன்றத்தின் கதவு. மிசூரியில் வாக்காளராகப் பதிய முயன்ற வர்ஜீனியா மைனர் மறுக்கப்பட்டார். மணமானவர் என்பதால் தனியாக வழக்குத் தொடர முடியாமல் கணவரோடு சேர்ந்தே தொடர்ந்தார். 1875இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பெண்கள் குடிமக்கள்தாம், ஆனால் குடியுரிமை வாக்குரிமையைத் தராது.

இனி மிஞ்சியது சாசனத்தையே திருத்தும் வழி. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் என்ற உயரமான படி அது. 1920 ஆகஸ்டில் 36ஆவது மாநிலமாக டென்னசி ஒப்புக்கொண்டபோது 19ஆவது திருத்தம் நிறைவேறியது. அங்கே ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், தாயின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் முடிவை மாற்றி ஆதரித்தார். இருந்தும் தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பெண்களை வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் தடுத்தன. 1962இல் மிசிசிப்பியில் பதிவு செய்யப் போன ஃபேனி லூ ஹாமர், பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை 19ஆவது திருத்தம் அவர்களுக்குப் பெரும்பாலும் காகிதமாகவே இருந்தது.

வாக்கைத் தாண்டிய சமத்துவம் இன்னும் அந்தச் சாசனத்தில் எழுதப்படவில்லை. 1923இல் முன்வைக்கப்பட்ட சம உரிமைத் திருத்தத்தைக் காங்கிரஸ் 1972இல்தான் ஏற்றது. தேவை 38 மாநிலங்கள். கெடு முடிந்த 1982 வரை கிடைத்தவை 35. பின்னர் மூன்று மாநிலங்கள் சேர்ந்தபோதும் அது சாசனத்தில் இடம்பெறவில்லை. பெண்கள் 14ஆவது திருத்தத்தின் சமப் பாதுகாப்பு வரியைத்தான் பிடித்துக்கொண்டு வழக்காடினார்கள். 1971இல் சாலி ரீட் வழக்கில், இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பதில் ஆணுக்கு முன்னுரிமை தந்த ஐடஹோ சட்டத்தை உச்சநீதிமன்றம் தள்ளியது. 1973இல் அதே திருத்தத்தின் இன்னொரு வரியிலிருந்து கருக்கலைப்பு உரிமையைக் கண்டது. 2022இல் அதைத் திரும்பப் பெற்றது. சாசனம் கருக்கலைப்பைப் பற்றிப் பேசவில்லை, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்றது. நியூ ஜெர்சிப் பெண்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது.

இங்கே ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கிய நம் அரசமைப்பு, 15 பெண்களும் உறுப்பினராக இருந்த அவையில் உருவானது. பாலினத்தின் பெயரால் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 15ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. எழுதியதாலேயே வீட்டுக் கதவுக்குள் சமத்துவம் வந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும் பெண் சுட்டிக்காட்ட அங்கே ஒரு வரி இருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது அப்படியொரு வரியைத்தான்.