கடல் வாசலும் ஆகாய வாசலும்



பினாங்குத் தீவுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கடல், மற்றொன்று ஆகாயம். நம் முன்னோர் வந்தது கடல் வாசல் வழியாக. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ஏறக்குறைய ஒரு வாரம் மேல்தளத்தில் வெயிலும் மழையும் பட்டு வந்தார்கள். வந்தவர்களை நேரே தோட்டத்துக்கு விடவில்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரஜாக் தீவு முகாமில் நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகுதான் ரப்பர் தோட்டமும் லயத்து வீடும்.

அந்த ஜெரஜாக் தீவுக்குச் சற்றுத் தெற்கே, பாயான் லெப்பாஸில் 1935-ஆம் ஆண்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. 1937-இல் வேர்ன்ஸ் கம்பெனி சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களுக்கிடையே சிறு விமானங்களை ஓட்டியது. ஏறியவர் யார்? துரைமார்களும் பெரிய வியாபாரிகளும்தான். பால்வெட்டுக்காரருக்கு விமானம் என்றால், "அதோ போகுது பார்!" என்று பிள்ளைக்குக் காட்டுவதோடு சரி.

1941 டிசம்பரில் அதே ஆகாயம் எமனாக வந்தது. 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. மக்கள் ஏராளமாக மாண்டார்கள். ஆட்சியிலிருந்த வெள்ளைக்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐரோப்பியரை மட்டும் தீவிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, மற்றவர்களை அப்படியே விட்டுப் போனார்கள். அந்த வேளையில் முன்னே வந்து நின்றவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' ஆசிரியரான இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊர் மக்களின் சேவைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இதை நம் பிள்ளைகள் மறக்கலாமா?

போருக்குப் பின், 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் பினாங்குக்குப் பறக்கத் தொடங்கியது. அந்த விமானத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம்! நம்மவருக்கோ இன்னமும் 'ரஜூலா' கப்பல்தான்.

பெரிய மாற்றம் 1972-இல் வந்தது. பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுக உரிமையை 1969-இல் இழந்திருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. முதலமைச்சர் லிம் சோங் யூ காலத்தில் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தொழிற்பேட்டை எழுந்தது. ஏன் அந்த இடம்? மின்னணுச் சில்லு எடையில் அற்பம், விலையில் அதிகம். கப்பலுக்குக் காத்திராமல் விமானத்திலேயே அனுப்பிவிடலாம். ஆகவே விமான நிலையத்தின் அருகிலேயே தொழிற்சாலைகள் வந்தன. மூவினத்துப் பெண்களும் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். பால்வாளி தூக்கிய வீடுகளுக்கும் மாதச் சம்பளம் வந்தது. விமானத்தில் ஏறாதவருக்கும் விமான நிலையம் சோறு போட்டது, ஐயா!

'ரஜூலா' 1973-இல் ஓய்ந்தது. அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றது. கடல் வாசல் நமக்கு மூடிக்கொண்டது. 2024 டிசம்பர் 21 அன்று சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேரடி விமானம் தொடங்கியது. ஒரு வாரப் பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

மாணவர்களே! டிக்கெட் வாங்கினால் யாரும் விமானம் ஏறலாம். ஆனால் அதை ஓட்டவும், பழுது பார்க்கவும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து வழி சொல்லவும் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் வேண்டும். அந்த வேலைகளுக்கு நம் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் போக வேண்டும்.

பெற்றோர்களே! தாத்தா பாட்டி எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழைய கப்பல் சீட்டோ பாஸ்போர்ட்டோ பெட்டியடியில் கிடந்தால், குப்பையில் போட்டுவிடாதீர்கள். நம்மவர் வந்த வழிக்குச் சாட்சி அதுதான்.