நச்சுக் கிழங்கு காட்டித் தந்த இன்சுலின் வாசல்



எமது ஊரில் சீனி வருத்தம் எட்டிப் பார்க்காத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "இன்சுலின் சுரக்கவில்லையாம்" என்கிறோம். சுரப்பது என்றால் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருவது போலவா? இதற்கு விடை தேடிய வரலாறு ஒரு நச்சுக் கிழங்கில் தொடங்குகிறது.

மூட்டு வலிக்குச் சூரிஞ்சான் கிழங்கு கொடுப்பது பழைய வைத்தியம். இப்னு ஸீனாவும் அதை எழுதியுள்ளார். 1820இல் பிரான்சில் பெல்லெத்தியே, கவந்து என்ற இருவர் அதன் சத்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அதற்குக் கொல்சிசின் என்று பெயர் வந்தது. எமது வேலியோரத்துக் கார்த்திகைப்பூக் கிழங்கில் இருப்பதும் இதே நஞ்சுதான். பிள்ளைகள் விடயத்தில் கவனம்!

கொல்சிசின் கலத்துக்குள் எதைப் பிடிக்கிறது? 1967இல் சிக்காகோவில் பொரிசியும் டெய்லரும் கண்டறிந்தனர்: நுண்புன்குழாய்களை ஆக்கும் புரதத்தை. கலம் வெறும் நீர்ப்பை அல்ல. குழாய்களும் இழைகளும் சேர்ந்த குழியவன்கூடு அதற்குள் உண்டு.

அடுத்த வருடமே அமெரிக்காவின் சென்ட் லூயிஸில் போல் லேசி குழுவினர், எலியின் சதையியிலிருந்து எடுத்த இன்சுலின் சுரக்கும் கலங்களுக்குக் கொல்சிசின் கொடுத்தனர். இன்சுலின் வெளிவருவது குறைந்தது. ஆகவே, இன்சுலின் பொதிகளை வாசலுக்குக் கொண்டுபோவது இந்தக் குழாய்களே என்றனர்.

1970களில் இன்னொன்று தெரிந்தது. கலமென்சவ்வின் உட்புறம் அக்டின் இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. பூஞ்சணத்திலிருந்து எடுத்த மருந்தால் அவ்வலையைக் குலைத்தபோது, குளுக்கோசுக்கு இன்சுலின் கூடுதலாக வந்தது. அப்படியானால் வலை ஒரு வேலி. நரம்பு முனையிலும் இரசாயனப் பொதிகளைச் சினப்சின் என்ற புரதம் அக்டினோடு கட்டி வைக்கிறது. அதை ஆராய்ந்த போல் கிரீன்கார்ட் 2000இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

2015இல் அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் லேசியின் கருத்தையே திருத்தினர். நுண்புன்குழாய்கள் பொதிகளை வாசலில் குவியவிடாமல் பின்னுக்கு இழுத்தும் வைக்கின்றன. குளுக்கோசு வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது.

ஏன் இத்தனை காவல்? ஒரு கலத்தில் ஏறத்தாழ 10,000 இன்சுலின் பொதிகள் உள்ளன. அத்தனையும் ஒரேயடியாக வெளியேறினால் இரத்தச் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்து. சுரப்பது போலவே தடுத்து வைப்பதும் கலத்தின் வேலைதான்.

கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகள் வேறொரு வழியால் இந்தக் கையிருப்பையே வெளியே விடுகின்றன. அதனால்தான் அவற்றைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வருகிறது. நோன்புக்கு முன் டொக்டரிடம் கேட்டு நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வோம். நாமாகவே கூட்டிக் குறைக்க வேண்டாம்.

உயர்தர மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். லேசியின் பரிசோதனை வீண்போகவில்லை. அதன் விளக்கம்தான் 47 வருடங்களில் திருந்தியது. அறிவு வளர்வது இப்படித்தான்.

வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் அவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.