குலுக்கலில் பிறக்கும் கவிதை

கவிதை அருளால் வருவதா, உழைப்பால் வருவதா என்று நாம் வினவுவதுண்டு. குலுக்கலால் வருமா என்று வினவுவதில்லை. எனினும், படைப்பெழுத்துப் பயிலும் மாணவர்க்கு இன்று பல நாடுகளில் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதிக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் அடுக்குவதாகும். விளையாட்டாகத் தோன்றும் இதற்கு நெடிய வரலாறு உண்டு.

அதன் வேர்களுள் ஒன்று நம் திருச்சபையின் மண்ணிலேயே இருக்கிறது. பெர்னார்ட் பாகுசியஸ் என்னும் இயேசு சபைக் குரு, அன்னை மரியாவை விண்மீன்களோடு இணைத்துப் போற்றும் எட்டுச் சொற்களாலான இலத்தீன் வரியொன்றை யாத்தார். லூவேன் பேராசிரியர் எரிசியஸ் புத்தேயானுஸ் அச்சொற்களை இடம் மாற்றி அடுக்கி, 1022 வரிகளாக்கி 1617-இல் வெளியிட்டார். தாலமியின் பட்டியலிலிருந்த விண்மீன்களின் தொகை அது. யாப்புச் சிதையாமல் 3312 வகையாக அடுக்கலாம் என்று 1713-இல் வெளிவந்த யாக்கோபு பெர்னூலியின் நூல் கணக்கிட்டது. அன்னையின் புகழைக் குறைக்கும் பொருள் தந்த வரிகளைப் புத்தேயானுஸ் விலக்கியிருந்தார். இது குலுக்கல் அன்று, இடமாற்றமே. ஆயினும், சொற்கள் தாமே புதுப்பொருள் ஈனும் என்பதை அது காட்டியது.

குலுக்கலைக் கவிதைக்குள் கொணர்ந்தது போர்க்காலத்தின் கசப்பு. முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல், சூரிச் நகரில் தாதா இயக்கம் தோன்றியது. மனிதரின் பகுத்தறிவே இப்படுகொலைக்கு வழி வகுத்ததென்றால், அப்பகுத்தறிவு தந்த மொழியை எப்படி நம்புவது என்பது அவர்களின் கேள்வி. அவர்களுள் ஒருவரான திரிஸ்தான் சாரா, 1920-இல், செய்தித்தாள் கட்டுரையொன்றைச் சொல் சொல்லாகக் கத்தரித்துப் பையிலிட்டுக் குலுக்கி எடுத்து எழுதும் முறையை முன்வைத்தார். 1925-இல் பாரிசில் மீமெய்யியலார் தாளை மடித்து, முன்னவர் எழுதியதைக் காணாமலே அடுத்தவர் எழுதும் ஆட்டத்தை ஆடினர். பிறந்த வாக்கியம் எவருக்கும் தனியுடைமை அன்று. 1961-இல் ரேமோன் கெனோ பத்துப் பதினான்கடிப் பாக்களை எழுதி, அடிகளைத் தனித்தனிப் பட்டைகளாகக் கத்தரித்து நூலாக்கினார். அவற்றைப் புரட்டிச் சேர்த்தால் கோடி கோடி பாக்கள் கிடைக்கும். நிமிடத்துக்கு ஒன்றாக இடைவிடாது படித்தாலும் சுமார் 19 கோடி ஆண்டுகள் ஆகும்!

அவ்வாறாயின் கவிஞனுக்கு என்ன வேலை? திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தை நினைவுகூர்வோம். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைச் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தனர். ஆனால், அதற்கு முன்பே தகுதி பார்த்து இருவரை நிறுத்தியிருந்தனர், இறைவேண்டலும் செய்தனர். சீட்டு விழுந்தபின் மத்தியா சுமக்க வேண்டிய பணி காத்திருந்தது. குலுக்கல் ஒரு நொடி. அதன் இருபுறமும் மனிதப் பொறுப்பு.

கெனோவின் அடிகள் எவற்றோடும் பொருந்துவது, அவர் முன்னரே உழைத்து ஒரே எதுகையில் எழுதியதால்தான். புத்தேயானுஸின் வரிகள் மதிக்கப்படுவது, அவர் விலக்கத் தெரிந்தவர் என்பதால்தான். வெற்றுத்தாளின் முன் அஞ்சி நிற்கும் மாணவனுக்குக் குலுக்கல் தருவது கவிதையன்று. தானே அனைத்தையும் படைக்க வேண்டும் என்னும் செருக்கிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுதலை. விழுந்த சொற்களுள் எதைக் காப்பது, எதை விடுவது என்பதை அவனே முடிவு செய்தாக வேண்டும்.

நம் வாழ்விலும் பிறந்த வீடு, உடன் வாழ்வோர், வந்த நோய் ஆகிய பலவும் நாம் தேர்ந்தவை அல்ல. கைக்கு வந்தவற்றைக் கொண்டு என்ன எழுதினோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும்.