நாவல் பழமும் கட்டுமரமும்

(மெக்கானிக்கல் பிரிவுப் பழைய மாணவன், பெசன்ட் நகர்)

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "பாய்லர் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "பாய்லரை யாருப்பா படிப்பாங்க? வேற ஏதாவது எழுது" என்றார். அதனால் வந்த வினை இது. தமிழ் வாத்தியார்கள் பொறுத்தருள வேண்டும்.

எலியட்ஸ் பீச்சில் காலை நடை என் வழக்கம். அங்கிருந்து வடக்கே போனால் ஊரூர் ஆல்காட் குப்பம். பெயரிலேயே முன்னும் பின்னும் தமிழ், நடுவில் ஓர் அமெரிக்க கர்னல். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் வந்த என் மகள், "அப்பா, கேடமரன் இங்கிலீஷ் வார்த்தைதானே?" என்று கேட்டாள். நம்ம கட்டுமரம்தாம்மா அது என்றேன். நம்பவில்லை.

கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். உள்கூடு கிடையாது, ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. போன இடத்தில் பொருளும் மாறி, இன்று இரண்டு உடல்களை இணைத்த படகுக்குப் பெயராகிவிட்டது. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அப்படிப் போனவைதான். யாரும் ஆங்கிலம் கெட்டுப்போச்சு என்று அழவில்லை.

எதிர்த்திசையில் வந்த சரக்கு ஒன்று உண்டு. அது நாவல். இத்தாலிய மொழியில் 'புதியது' என்ற பொருளில் பிறந்து, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த சொல். நமக்கோ நாவல் என்றால் ஔவைப் பாட்டிக்கு முருகன் உலுக்கிப் போட்ட பழம்! பிறகு நம்மவர்கள் 'புதினம்' என்று பெயர் வைத்தார்கள். சொல்லின் வேரைப் பிடித்துச் செய்த நல்ல மொழிபெயர்ப்பு.

அதுவரை தமிழில் கதை என்றால் பெரும்பாலும் செய்யுள்தான். சிலப்பதிகாரத்தில் இடையிடையே உரைநடை வரும். ஆனாலும் நீண்ட கதை முழுவதையும் வசனத்தில் சொல்லும் வழக்கம் வேரூன்றவில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே நோக்கம் என்று முன்னுரையில் சொன்னார். கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தவரும் இவரே.

அடுத்து வந்தவர்கள் இருவர். இருவரும் 1872ல் பிறந்தவர்கள். இருவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான் இருக்கும். நம் கல்லூரியில் அந்த வயதில் அரியர்ஸ் எழுதிக்கொண்டிருந்தோம்! 1898ல், இருபத்தாறு வயதில் மறைந்தார். அதே ஆண்டு மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' வந்தது.

மூன்று தலைப்பிலும் 'சரித்திரம்' இருப்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த வடிவத்துக்கு வீட்டிலிருந்த பெயரையே வைத்தார்கள். கதையும் நம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. பின்னர் சிறுகதை வந்தது, புதுக்கவிதை வந்தது. 1959ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' புதுக்கவிதைக்கு மேடை போட்டுக் கொடுத்தது. அவையும் இன்று நம்முடையவையே.

மாதவையாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்பு இலாகா உத்தியோகஸ்தர். 'தில்லை கோவிந்தன்' என்று ஆங்கிலத்திலும் நாவல் எழுதியவர். ஆகவே ஆங்கிலம் தெரியாததால் தமிழைப் பிடித்துக்கொண்டவர் அல்ல. 1925 அக்டோபர் 22ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசினார். பேசி முடித்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து மூன்று.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு. பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தவன் நான். மார்க் கொட்டும் என்றார்கள், கொட்டியது. ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேரவே சேராது! இன்று அந்த பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது 'போன்ஜூர்' மட்டும். 'கமலாம்பாள் சரித்திர'த்தை முப்பது வயதுக்குப் பிறகு, விரல் வைத்து மெல்ல மெல்லத்தான் படித்து முடித்தேன். ஒரு மனிதர் உயிர் போகும்வரை கேட்ட ஒன்றை, நான் ஒரு படிவத்தில் டிக் அடித்து வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். வடிவமோ சொல்லோ வெளியிலிருந்து வருவதால் மொழி அழியாது. வாங்கிப் போட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது இரவில் மகளும் நானும் தினம் இரண்டு பக்கம் தமிழ் படிக்கிறோம். கட்டுமரத்தை நம்பிவிட்டாள். நாவல் பழத்தை இன்னும் நம்பவில்லை. ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளே, செமஸ்டர் லீவில் இந்த மூன்று சரித்திரங்களில் ஒன்றையாவது எடுத்துப் பாருங்கள். அடுத்த சந்திப்பில் பேசுவோம்.