திங்களூர்த் தண்ணீர்ப் பந்தர்

ஞாயிறு பரணியின் மூன்றாம் பாதம் முதல் உரோகிணியின் முதற்பாதம் வரை செல்லும் நாட்களை அக்கினி நட்சத்திரம் என்பர். அந்நாட்களிற் சிவாலயங்களில் இலிங்கத் திருமேனியின்மேல் தாராபாத்திரம் தூக்கி இடையறாது நீர் சொட்டச் செய்தல் மரபு. இறைவனுக்கு வெம்மையுண்டோ எனின், இல்லை. அடியவரது அன்பு அங்ஙனம் நினைக்கின்றது. அவ்வன்பு கோயில் வாயிலுக்கு வெளியே நடந்து செல்லும் ஏழையினிடத்தும் செல்லுமாயின் அதன் பெயர் தண்ணீர்ப் பந்தர்.

யாம் வாழும் பாளையங்கோட்டையிற் சித்திரை வைகாசியில் வெயில் நூறு பாரன்ஹீட் பாகையைக் கடத்தல் புதிதன்று. பொதியிற் பிறந்து இரு பருவ மழையும் பெறும் பொருநையும் அப்போது மெலிந்தே ஓடும். பொருளுடையார் மலையேறுவர், அன்றிக் குளிர்ப்பொறி பூட்டிய அறையில் துயில்வர். பொருளில்லார்க்கு மண்பானை நீர், பனையோலை விசிறி, காலை நீராகாரம், நுங்கு, பதநீர், மாலையில் ஆற்றுப்படித்துறை என இவையே துணை. இவற்றுட் பல வீட்டிலிருப்பார்க்கு உதவும். மூட்டை சுமப்பாரும் வண்டியிழுப்பாரும் தெருவில் விற்பாரும் நண்பகலில் யாது செய்வர்? அவர்பொருட்டே நம் முன்னோர் முப்பத்திரண்டு அறங்களுள் தண்ணீர்ப் பந்தரையும் ஒன்றாக வைத்தனர். கச்சியில் உமையம்மையார் இருநாழி நெற்கொண்டு அவ்வறங்களெல்லாம் வளர்த்தனர் என்பது புராணம். அறத்திற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பார்க்கு அவ்விருநாழி நெல்லே விடையாம்.

இவ்வறத்தின் வரலாற்றில் தலைசிறந்தது அப்பூதியடிகள் செய்தி. திருவையாற்றின் அண்மையிலுள்ள திங்களூரில் அந்தணராய் வாழ்ந்த அவர், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசரது பெயரையே தம் மக்களுக்கும், ஆக்களுக்கும், அளவைகளுக்கும், தண்ணீர்ப் பந்தருக்கும் இட்டு வழங்கினார். திருப்பழனம் வணங்கி அவ்வழி வந்த அரசர், குளிர்ந்த பந்தரையும் அதில் எழுதிய பெயரையும் கண்டு, அடிகளை அடைந்து, நும் பெயரையன்றி வேறொருவர் பெயரை எழுதியது எற்றுக்கு என வினவினார். அப்பெயரை வேறொருவர் பெயர் என்றமை பொறாது அடிகள் வெகுண்டார் என்று, பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார்.

ஈண்டு இரண்டு நோக்கத்தக்கன. ஒன்று: அரசர் ஏழு நாள் நீற்றறையில் இடப்பட்டு, அவ்வெம்மையை இறைவன் திருவடி நிழலாகத் துய்த்தவர். வெம்மை வென்றார் பெயர் வெம்மை தணிக்கும் பந்தருக்கு அமைந்தமை மிகவும் பொருத்தமுடைத்து. மற்றொன்று: அந்தணர் ஒருவர் வேளாளர் ஒருவரது பெயரால் அறஞ்செய்தார், தம் பெயரை அழித்துக்கொண்டார்.

இனி, அறம் நிலைக்குமாறு செய்தலும் முன்னோர்க்கு இயல்பாயிருந்தது. சோழர்காலக் கல்வெட்டுக்களிற் சில, தண்ணீர்ப் பந்தருக்கு நிலம் விட்டதோடு அமையாது, நீர் கொணர்வானுக்கும், நின்று வார்ப்பானுக்கும், கலமிடும் குயவனுக்கும் நெல் வகுத்துள்ளன. குயவனுக்குப் பங்கு ஏன் என ஐயுறலாம். மண்கலத்தின் நுண்டுளை வழியே நீர் கசிந்து புறத்தே ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கொண்டு செல்லும். அதனாலன்றோ அது குளிர்கின்றது! நாட்படின் நீரிலுள்ள உப்புப் படிந்து அத்துளை அடைபடும், குளிர்ச்சி குன்றும். ஆதலின் காலந்தோறும் புதுக்கலம் வேண்டும். கலம் உடைதலும் உண்டு. பந்தர் ஒருநாட் காட்சியன்று, கோடை முழுதும் நடக்கும் தொழில் என்பதை அவர் உணர்ந்திருந்தனர்.

ஆயின் நம் குறையையும் மறைத்தலாகாது. பிற்காலத்தில் தண்ணீர் வார்க்கும் இடத்திலும் சாதி புகுந்தது. சிலர்க்குத் தனிக்கலம், சிலர்க்கு எட்ட நின்று ஏற்கும் கை. பொதுக்குளத்து நீரை மொண்டு பருகும் உரிமைக்காக 1927-ல் மகாராட்டிர நாட்டு மகாடில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு செல்ல வேண்டியதாயிற்று. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியற்சட்டம் பொதுக்கிணறு குளங்களில் இவ்வேற்றுமையை விலக்கியது. சட்டம் சொல்லிய அதனை, பல நூற்றாண்டுகட்கு முன்னரே திங்களூர் அந்தணர் அன்பினாற் சொல்லாமற் செய்துகாட்டினார். அவரைப் போற்றும் நாம் அதனைக் கல்லாதொழிந்தமை நமக்கு நாணமன்றோ?

சென்ற ஆண்டு இந்நகரத் தெருவொன்றிற் பந்தர் ஒன்று கண்டோம். வைத்தார் பெயரும் படமும் பந்தரினும் பெரியவாயிருந்தன. நான்காம் நாள் அவ்வழிச் சென்றபோது பானை வறண்டிருந்தது. சுமை இறக்கி வந்த முதியவர் ஒருவர் கவிழ்த்துப் பார்த்து, வைத்துவிட்டு நடந்தார். படம் மட்டும் நின்று சிரித்தது. யாம் உவர்ந்து கூறுகின்றோமல்லேம். உதவிச்சம்பளத்தில் வாழும் எம்போல்வார்க்கும் இயலும் நெறியொன்று உண்டு என்பதே கருத்து. வாயிற்புறத்து நிழலில் மணல்மேல் ஒரு பானை, மூடி, நீண்ட பிடியுள்ள அகப்பை, நாடோறும் கழுவி நிரப்ப ஒரு கை, இவ்வளவே வேண்டுவது. வருவாரை இன்னார் என வினவற்க. பெயர் எழுத வேண்டுமாயின் அரசர் பெயரை எழுதுக.

தென்மேற்குக் காற்று வந்து குற்றாலத்தருவி விழுங்காறும் அப்பானை வறளாதிருப்பின், அதுவே நம் வாயிலில் நாம் தூக்கிய தாராபாத்திரமாகும்.