கேர்னல் மாறுகிறது, நமது குறிப்புகள் மாறவில்லை

கல்முனையில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கு மாணவர்கள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் அரைவாசிக்கு மேல் பழையவை. அவற்றில் லினக்ஸ் போட்டு, மலிவான யூஎஸ்பி வைபை கருவியொன்றைச் செருகினால், அதற்கான டிரைவர் மென்பொருளைப் பல வேளைகளில் நாமே தொகுக்க வேண்டும். 2025 மே மாதம் கேர்னல் 6.15 வெளிவந்த பின்னர் இவ்வாறான டிரைவர்கள் பல, ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று கூறிப் பாதியில் நின்றன.

கோப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. அதை எங்கே தேடுவது என்று சொல்லும் வரிதான் பயனற்றுப் போயிருந்தது. அந்த வரி 'எக்ஸ்ட்ரா-சிபிளாக்ஸ்' என்ற பெயரில் எழுதப்பட்டிருந்தது. 2007இலேயே அதற்குப் பதிலாக 'சிசிபிளாக்ஸ்-வை' வந்துவிட்டது. கேர்னலின் சொந்தக் கையேடும் புதிய பெயரையே சொல்லி வந்தது. ஆனாலும் பழைய பெயர் தொடர்ந்து வேலைசெய்தது. அதனால் வெளியே பிரதிபண்ணப்பட்ட குறிப்புகளை எவரும் திருத்தவில்லை. 6.15 அந்தப் பெயரை முற்றாக நீக்கியது.

கேர்னலைக் கட்டும் முறைக்கு 'கேபில்ட்' என்று பெயர். அதன் கையேடு மூலநிரலோடு ஒரே மரத்தில், 'டொக்கியுமென்டேஷன்' கோப்புறைக்குள் இருக்கிறது. நிரலை மாற்றுபவர் கையேட்டையும் அதே திருத்தத்தில் மாற்றலாம் என்பதே இதன் பலம். அப்படியிருந்தும் மனித நினைவில் தங்கியிருக்கும் இடங்கள் உண்டு. தேவையான ஆகக்குறைந்த கொம்பைலர் பதிப்பு ஒரு சிறு ஸ்கிரிப்டிலும் கையேட்டிலும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. இங்கே மாற்றினால் அங்கேயும் மாற்றுங்கள் என்ற குறிப்பு ஸ்கிரிப்டின் தலையிலேயே இருக்கிறது. 6.16இல் ஜிசிசி 8.1 தேவை என்றானபோது இரண்டு இடத்திலும் கைவைக்க வேண்டியிருந்தது. இல்லாத கோப்பைக் கையேடு சுட்டினால் அதைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. எழுதிய வாக்கியம் இன்றும் உண்மையா என்பதை ஆள்தான் வாசித்துப் பார்க்க வேண்டும்.

கேபில்ட்டைப் பல வருடங்கள் பராமரித்த மசாஹிரோ யமதா 2025இல் பொறுப்பிலிருந்து விலகினார். இப்போது நேதன் சான்சலரும் நிக்கொலஸ் ஷியரும் அதைப் பார்க்கிறார்கள்.

வகுப்புக்கு நான் எழுதும் தமிழ்க் குறிப்புகளில் பதிப்பு எண்களைப் பிரதிபண்ணுவதில்லை. எந்தக் கேர்னலில் பரீட்சித்தது, எந்தத் திகதியில், கையேட்டின் எந்தக் கோப்பில் மூலம் உள்ளது என்ற மூன்றையும் முதல் வரியில் போடுகிறேன். முழுக் கையேட்டையும் தமிழாக்கிவிட்டு அப்படியே விடுவதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

கையேட்டில் பிழை கண்டால் திருத்தம் அனுப்ப எவருக்கும் வழியுண்டு. தொடங்குவோருக்கு இதைவிட இலகுவான வாசல் கேர்னலில் இல்லை. திருத்தத்தின் அடியில் பெயரும் மின்னஞ்சலும் இடவேண்டும், அவை பகிரங்கப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். நமது பக்கத்தில் சிலர் இதற்குத் தயங்குவது எனக்கு விளங்குகிறது. முன்பு உண்மைப் பெயரே கேட்கப்பட்டது. 2023இலிருந்து, அறியப்பட்ட அடையாளம் போதும், அநாமதேயம் மட்டும் கூடாது. அடையாள அட்டை இலக்கமோ ஊரோ இனமோ எவரும் கேட்பதில்லை.